பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கி டிராக்குக்குத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்கு வந்தபோது, டர்போ பெட்ரோல் கார் என்ற பேச்சே இங்கே புதிது. 1.8 லிட்டர் இன்ஜின், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 பிஎச்பி, 210 நியூட்டன் மீட்டர் டார்க், 5 கியர் மேனுவல். ஐரோப்பாவில் விற்ற ஆர்எஸ் 180 குதிரைத்திறன் கொண்டது. நமக்குக் கிடைத்தது கொஞ்சம் அடக்கி வைத்த வண்டி. இன்றைக்கு இந்த எண்கள் யாரையும் அசத்தாது. இருந்தாலும், குறைந்த செலவில் ஒரு பழைய டர்போ வண்டியை சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வண்டியைத்தான்.

காரணம் இருக்கிறது. இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, தாங்கும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறை, முதல் ஆடி டிடி, நியூ பீட்டில் எல்லாம் இதே பிளாட்பாரம் என்பதால் உலகம் முழுக்க இதற்குப் பாகமும் அனுபவமும் கொட்டிக் கிடக்கிறது. இங்கே டீசல் ஆக்டேவியா நிறைய விற்றதால் கதவு, ஹப், கண்ட்ரோல் ஆர்ம் போன்றவை சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸும் ஒரு லேப்டாப்பை வைத்துப் படித்துவிடக்கூடிய அளவில்தான் இருக்கிறது.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் டர்போ வண்டியை டிராக்கில் ஓட்டுவது என்றால் முக்கால்வாசி வேலை சூட்டைச் சமாளிப்பதுதான். பிரேக் சூடு, ஆயில் சூடு, டர்போவிலிருந்து வரும் காற்றின் சூடு. முதல் சுற்றில் ஓடியது போலவே ஐந்தாவது சுற்றிலும் ஓடுகிற வண்டிதான் டிராக் வண்டி. பெரும்பாலானவர்கள் பவரில் ஆரம்பித்து பிரேக்கில் முடிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். அதேபோல, கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மீதிப் பாதிக்கு வேலை காத்திருக்கிறது.

முதலில் காகிதம்

இந்த வண்டிகள் எல்லாமே 15 வயதைத் தாண்டியவை. பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எதுவரை செல்லும் என்று ஆர்.சி.யில் பாருங்கள். புதுப்பித்தல் 5 வருடத்துக்கு ஒருமுறை வரும், அப்போது பசுமை வரியும் உண்டு. வெளிமாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். குறிப்பாக டெல்லி வட்டாரத்தில் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு அங்கிருந்து நிறைய வெளியே வந்தன. என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, நம்பர் மாற்றும் அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு அது மலிவா என்று முடிவு செய்யுங்கள். உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பழைய கடன் ஆர்.சி.யில் நிற்கிறதென்றால் ஃபார்ம் 35-உம் வேண்டும்.

சாதாரண பெட்ரோல் ஆக்டேவியாவுக்கு ஆர்எஸ் பேட்ஜும் பம்பரும் மாட்டி விற்பது உண்டு. ஆர்.சி.யில் 1781 சிசி என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் நேராகப் பார்த்து ஒப்பிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட், அதே அளவில் நல்ல டயர், புது புஷ் எல்லாம் பராமரிப்பில் சேரும். இன்ஜினை மாற்றுவது, உள்ளே ரோல் கேஜ் (பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) வெல்டு பண்ணுவது போன்றவை வேறு கதை. அந்த அளவுக்குப் போகிறவர்கள் வண்டியை டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கி, ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி. இந்த வழிகாட்டி பெரும்பாலும் முதல் வகைக்கு.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். வழக்கமான பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது. அந்தப் பணம் போனாலும் தூக்கம் வரும் என்ற விலையில் வண்டியை வாங்குங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும் பிறகு மறைந்துவிடும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்துங்கள். பின்னால் நீலப் புகை வந்தால் டர்போ சீலோ வால்வு சீலோ போயிருக்கிறது.

ஆயில் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். கறுப்பாகத் தார் போல ஒட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இந்த இன்ஜினில் ஸ்லட்ஜ் (கெட்டியான ஆயில் கசடு) சேர்ந்தால் சம்பில், அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியில் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை அடைபடும், ஆயில் பிரஷர் குறையும், முதலில் டர்போ போகும், பிறகு பேரிங். சந்தேகம் இருந்தால் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி மெக்கானிக்கல் கேஜ் (முள் காட்டும் அளவுமானி) மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். ஆயில் 80 டிகிரி சூடாகியிருக்கும்போது 2000 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார் காட்ட வேண்டும்.

டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆடலாம். முன்னும் பின்னுமாக நகர்ந்தால் டர்போ மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்ற சோதனை, கட்டாயம். நான்கு சிலிண்டரும் 10 பாருக்கு மேல் காட்டினால் மகிழ்ச்சி. அதைவிட முக்கியம் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியருக்கு வேகமாக இறக்குங்கள். கரகரவென்று வந்தால் கியரைச் சத்தமின்றிச் சேர்க்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. டிராக்கில் அந்த கியரை நூறு முறை போடுவீர்கள்.

பெயிண்ட், சீட் கிழிசல், டேஷ்போர்டு, ஏசி பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டாம். விலையைக் குறைக்க அவை உதவும். ஆனால் முன் பக்கச் சட்டத்தில் டிங்கர் வேலை நடந்த தடயம் இருந்தால் வாங்காதீர்கள். வீல் அலைன்மென்ட் எண்கள் கடைசிவரை ஒத்து வராது.

லேப்டாப்பில் தெரிவது

வாங்கும் முன்பே இதைச் செய்ய முடிந்தால் நல்லது. விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) கேபிளும் மென்பொருளும் இருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஃபால்ட் கோடை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் விற்பவர் முந்தின நாள் அழித்திருக்கலாம். மெஷரிங் பிளாக்கில் (சென்சார்களின் நேரடி எண்களை எண் வாரியாகக் காட்டும் பக்கங்கள்) இருப்பதை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது.

பிளாக் 003-இல் உள்ளே போகும் காற்றின் அளவு, விநாடிக்கு எத்தனை கிராம் என்று தெரியும். வண்டி இல்லாத பாதுகாப்பான இடத்தில் மூன்றாவது கியரில் 2000-இலிருந்து 6000-க்கு மேல் வரை முழு ஆக்ஸிலரேட்டரில் ஒருமுறை போய், அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 0.8 ஆல் வகுத்தால் தோராயமான குதிரைத்திறன் வரும். 120 கிராம் காட்டினால் 150. 90-தான் காட்டுகிறதென்றால் காற்று சென்சார் அழுக்கு, அல்லது பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) எங்கோ கசிகிறது. பிளாக் 115-இல் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டும் உண்மையில் கிடைத்த பூஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும். பிளாக் 020-இல் நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வந்ததால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) குறைக்கப்பட்டது என்று இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சந்தோஷம். 6 டிகிரியைத் தாண்டினால் இன்ஜின் கஷ்டப்படுகிறது.

பிளாக் 032-இல் எரிபொருள் திருத்தம், அதாவது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோலின் சதவீதம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே காற்றுக்கு சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதனால் திருத்தம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நிற்பதைப் பார்த்ததும் கசிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 10-ஐத் தாண்டினால் மட்டும் தேட ஆரம்பியுங்கள். எத்தனாலால் ஒரு லாபமும் உண்டு: நாக் வராமல் தாங்கும் சக்தி கூடுதல், டர்போவுக்கு அது நல்லது. ஆனால் 2004-இல் செய்த ரப்பர் ஹோஸ்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜினின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய வண்டியை எரிக்கும் காரணம்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் இன்ஜின் இது. பெல்ட், டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். பழைய பம்புகளில் உள்ளே சுற்றும் இறக்கை பிளாஸ்டிக். அது உடைந்தால் வெளியே தெரியாது, டெம்பரேச்சர் முள் மட்டும் திடீரென்று ஏறும். உலோக இறக்கை உள்ளதாக வாங்குங்கள்.

அடுத்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் சின்னச் சின்ன ஹோஸ்கள். 20 வருட வெயிலிலும் சூட்டிலும் இவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒன்றை மாற்றினால் அடுத்தது உடையும், அதனால் மொத்தமாக மாற்றுங்கள். கசிவைக் கண்டுபிடிக்க மலிவான வழி ஒன்று உண்டு. டர்போ இன்லெட் ஹோஸின் அளவுக்கு ஒரு பிவிசி குழாய் மூடி வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வு மாட்டிக்கொள்ளுங்கள். அதை ஹோஸில் செருகி கிளிப் போட்டு, கிராங்க்கேஸ் மூச்சுக் குழாயை அடைத்துவிட்டு, கால் மிதி பம்பால் மெதுவாக 0.7 பார் வரை காற்றை ஏற்றுங்கள். ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். இஸ்ஸ் என்ற சத்தம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை எழும். பெரும்பாலும் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) ஹோஸ் கிளாம்ப் அல்லது டைவர்ட்டர் வால்வாக (ஆக்ஸிலரேட்டரை விடும்போது மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடுவது) இருக்கும். இந்த வால்வில் உள்ள ரப்பர் படலம் கிழிவது இந்த இன்ஜினில் வாடிக்கை.

இக்னிஷன் காயில் நான்கு, ஸ்பார்க் பிளக் நான்கு, தெர்மோஸ்டாட், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், இன்ஜின் மவுன்ட். இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

பிரேக்

டிராக்கில் முதலில் கைவிடுவது பிரேக். அதிலும் ஃப்ளூயிட். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அதே ஃப்ளூயிட் 155-க்கு இறங்கலாம். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கொதித்தால் குழாயில் ஆவி உருவாகும், பெடல் தரைவரை போகும். 300 டிகிரியைத் தாண்டும் ரேஸ் ஃப்ளூயிட் வாங்குங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி தாங்கும். பெயரில் எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், இந்த வண்டிக்கு ஒத்து வராது.

ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் ப்ளீட் பண்ணுங்கள், அதாவது குழாயிலுள்ள காற்றையும் பழைய ஃப்ளூயிடையும் வெளியேற்றுங்கள். முழு ஃப்ளூயிடையும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

பேட் அடுத்தது. சாலைக்கான பேடை வைத்துக்கொண்டு டிராக்கில் இறங்கினால் மூன்றாவது சுற்றில் எரிந்த வாசனை வரும், பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. டிராக் பேட் வாங்கி, மறக்காமல் பெட்-இன் (படிப்படியாகச் சூடேற்றி டிஸ்கோடு படியவைப்பது) செய்யுங்கள். ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் உறுதியாக இருக்கும். பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் இதே பிளாட்பாரத்தின் 312 மி.மீ. டிஸ்க், அதற்கான கேரியரோடு பொருந்தும், 16 அங்குல வீலுக்குள் அடங்கும். ஆனால் முதல் சில நாட்களுக்கு இருக்கும் டிஸ்கே போதும். ஃபாக் லாம்ப் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு குழாய் இழுத்து டிஸ்கின் நடுப்பகுதிக்குக் காற்று கொடுங்கள். சில நூறு ரூபாயில் இதைவிடப் பெரிய பலன் எதிலும் இல்லை.

ஆயிலும் இன்டர்கூலரும்

ஃபோக்ஸ்வாகன் 502.00 தரத்தில் வரும் 5டபிள்யூ-40 முழு சிந்தெட்டிக் ஆயில். டிராக் ஓட்டுபவருக்கு 5,000 கி.மீ. என்பதே அதிகம். சம்பைக் கழற்றி உறிஞ்சு குழாயையும் சுத்தம் செய்துவிடுங்கள். கோடை நாளில் ஓட்டுவதாக இருந்தால் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டுங்கள். 130 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைத்து உள்ளே வாருங்கள். அடிக்கடி அப்படி ஆகிறது என்றால் வெளி ஆயில் கூலர் தேவை.

தொழிற்சாலை இன்டர்கூலர் சின்னது, முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு சுற்று முழு வேகத்தில் போனாலே அது சூடாகி நின்றுவிடும். உள்ளே போகும் காற்றின் சூடு ஏற ஏற கம்ப்யூட்டர் டைமிங்கைக் குறைக்கும், நேர்ச்சாலையில் வண்டி தளர்ந்து போனதாகத் தெரியும். முன்னால் பம்பருக்குப் பின் நிற்கும் பெரிய இன்டர்கூலர் போட்டால் கேஜில் பெரிய எண் வராது, ஆனால் கடைசிச் சுற்றிலும் பவர் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும். இரண்டுக்கும் சுற்றியுள்ள இடுக்குகளைத் தகடு வைத்து அடையுங்கள், காற்று சுற்றிக்கொண்டு ஓடாமல் உள்ளே போகட்டும்.

டயரும் சஸ்பென்ஷனும்

வீல் போல்ட் அமைப்பு 5x100. 17, 18 அங்குலம் அழகாக இருக்கும். டிராக்குக்கு 16 போதும், எடையும் டயர் செலவும் குறையும். ஆரம்பத்தில் நல்ல ரோடு டயரிலேயே பழகுங்கள், சறுக்கும் முன் அது பேசும்.

முன் சக்கரம் இழுக்கும் கனமான மூக்கு உள்ள வண்டி இது, திருப்பத்தில் வெளியே தள்ளும். முதல் மருந்து புது கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும். அடுத்தது முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது), 2 டிகிரி வரை. அதற்கு கேம்பர் பிளேட் வேண்டும். அதன் பின் பின்பக்கம் தடிமனான ஆன்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி). வண்டியைத் தரையில் உரசும்படி இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். 30 மி.மீ. தாண்டினால் கண்ட்ரோல் ஆர்ம் மேல் நோக்கிச் சாய்ந்துவிடும், திருப்பத்தில் வண்டி சாய்வது இன்னும் அதிகமாகும்.

பவர், கடைசியாக

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, ஒரு சீசன் ஓட்டிய பிறகு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) பற்றி யோசிக்கலாம். இதிலுள்ள கே03 குடும்பத்துச் சின்ன டர்போவில் நல்ல ரீமேப் 180 குதிரைத்திறனை ஒட்டிக் கொடுக்கும். அதற்கு மேல் கேட்டால் வெறும் சூடான காற்றைத்தான் தள்ளும். பிளக் இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குக் குறைத்து, 95 ரோன் (ஆக்டேன் அளவு) பெட்ரோல் அல்லது இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 போட்டு, பிளாக் 020-ஐ மறுபடி பாருங்கள். டியூன் பண்ணியவர் காட்டும் டைனோ (பவர் அளக்கும் இயந்திரம்) தாளை விட அந்த நான்கு எண்களை நம்பலாம். உள்சக்கரம் திருப்பத்தில் புகை கிளப்ப ஆரம்பித்தால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது, போடலாம். இந்த கியர்பாக்ஸில் டிஃபரன்ஷியல் ரிவெட் உடைந்து உறையையே கிழிக்கும் பழைய வியாதி உண்டு. திறந்த கையோடு ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட்டுவிடலாம்.

டிராக் அன்று

இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல் திறந்தது, சுற்றளவு 3.7 கி.மீ., 12 திருப்பம். கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், அங்கே பிரேக்குக்கு ஓய்வு குறைவு. முடிந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், காலை முதல் செஷனைப் பிடியுங்கள். மே மாத மதியத்தில் இந்த வண்டியை வருத்த வேண்டாம்.

டிக்கி, சீட்டுக்கு அடியில் என்று கழன்று உருளக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டிரைவர் காலடிப் பாய் உட்பட. இழுவைக் கொக்கியை முன்னால் திருகிவிடுங்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சால். டயர் காற்று ஆறிய நிலையில் 30 பிஎஸ்ஐ-யில் ஆரம்பித்து, ஓட்டி வந்ததும் சூடாக அளந்து 35-ஐ ஒட்டி நிற்கும்படி வெளியே விடுங்கள். பக்கச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டால் டயர் எவ்வளவு மடிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

செஷன் 5 சுற்று போதும். முதல் சுற்று சூடேற்ற, மூன்று சுற்று ஓட்ட, கடைசிச் சுற்று பிரேக்கைத் தொடாமல் மூன்றாவது, நான்காவது கியரில் ஆற்ற. உள்ளே வந்து ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்; சூடான டிஸ்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அதற்கு முன் ஒரு இரண்டு நிமிடம் இன்ஜின் ஐடிலில் ஓடட்டும், டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகாமல் இருக்க. பானெட்டைத் திறந்துவிட்டு ஆயில், கூலன்ட், பேட் தடிமன் பாருங்கள்.

சாயங்காலம் கிளம்பும் முன் டயர் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றி, வீல் போல்ட்டை மறுபடி இறுக்கி, பெடலை அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல இருந்தால் அங்கேயே ப்ளீட் பண்ணிவிட்டுத்தான் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.